றங்குப் பெட்டியும் வீட்டுத் திட்டமும்



போன மாதம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் ஸ்காபரோவில் நடந்தது. ஊரிலே ஒரு பட்டினத்தின் ஓரத்தில், இன்னும் தகரக் கொட்டில்களில் இருக்கிற இருபது குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுப்பது பற்றித்தான் முக்கியமாகக் கதைத்தார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவர், இங்கே படித்துப் பொறியியலாளராக வந்தவர், வீட்டின் வரைபடத்தைத் திரையில் காட்டினார். வடிவான படம். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். பிறகு எழும்பி ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, அந்த வீட்டில் இருக்கப்போற பெண்களை ஒருக்கால் கேட்டுப் பார்த்தீங்களோ?"

பின் வரிசையில் இருந்து ஒருவர் சொன்னார்: "அண்ணை, சும்மா குடுக்கிற வீட்டை ஆரும் வேண்டாம் எண்டு சொல்லுவினமோ?" சபை சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை வானொலியில் வந்து சொல்லுங்கோ என்று நிகழ்ச்சி நடத்துகிற தங்கச்சி கேட்டபடியால் இன்றைக்கு உங்கள் முன்னால் இருக்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. பம்பாயில் தொடங்குகிறது. இப்போது மும்பாய் என்று சொல்லவேண்டும். ஆனால் நான் இருந்த காலத்தில் அது பம்பாய்தான்.

1987ஆம் ஆண்டு ஆனி மாதம் போய் இறங்கினேன். எனக்கு இருபத்துநான்கு வயது. வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட எங்கள் சனத்தில் ஒரு பகுதி அந்த நகரத்தில் மாதக்கணக்காய்க் கிடந்துதான் வந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சிலருக்கு அந்த அறைகள் நினைவுக்கு வரும். எங்களுடையது பைகுல்லா பக்கம், ஒரு பழைய கட்டிடத்தின் முதலாம் மாடி. ஒரு அறை, பதினொரு பேர். மாடி முழுவதற்கும் ஒரு மலசலகூடம். ஏஜென்சிக்காரர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். தேவையில்லாமல் கீழே இறங்கக்கூடாது. யன்னலுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சத்தம் போடக்கூடாது.

யன்னலுக்குக் கீழே தெரு. தெருவின் மற்றப் பக்கம் நடைபாதை. அந்த நடைபாதையில்தான் குடும்பங்கள் இருந்தன. ஒரு மதிலோடு சாய்த்துக் கட்டிய கொட்டில்கள். பழைய பலகை, சாக்கு, பிளாஸ்ரிக் விரிப்பு. ஒரு கொட்டில் எங்கள் ஊர்க் கோழிக்கூட்டை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் ஆறு பேர். சமையல் வெளியே, வாகனம் ஓடுகிற தெருவின் கரையில். அவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. பக்கத்துக் கட்டிடத்துக் காவற்காரரைக் கெஞ்சியும், தேநீர்க் கடையில் காசு கொடுத்தும் வாளி வாளியாய்க் கொண்டுவருவார்கள். மாடிக் கட்டிடத்தில் இருந்தவர்களுக்கு நகரசபை குழாயில் கொடுத்த தண்ணீரை விட அந்த வாளித் தண்ணீருக்கு விலை கூட. இது பம்பாய்க்கு மட்டும் உரிய விசயம் இல்லை. வறிய நாடுகளின் பெரிய நகரங்கள் பலவற்றில் தண்ணீருக்குக் கூடக் காசு கொடுக்கிறவன் குழாய் இல்லாதவன்தான்.

அந்தக் கொட்டில்களில் ஒன்றில் தமிழ் பேசுகிற ஒரு அக்கா இருந்தா. சேலம் பக்கத்து ஊர். வெங்காய மண்டியில் சாக்குத் தைக்கிற வேலை. எங்கள் யன்னலில் இருந்து யாரோ தவறித் தமிழில் கதைத்ததைக் கேட்டு, நாங்கள் தமிழ் ஆட்கள் என்று கண்டுபிடித்துவிட்டா. அதற்குப் பிறகு நான் பாண் வாங்கக் கீழே போகும்போதெல்லாம், "என்ன தம்பி, இன்னும் பிளேன் வரலியா?" என்று கேட்பா.

நான் விடிய நாலு மணிக்கு எழும்புவேன். பதினொரு பேருக்கும் அடுத்த அறைகளில் உள்ளவர்களுக்கும் முதல் மலசலகூடத்துக்குப் போய்விடவேண்டும் என்ற அவசரம். அந்த நேரத்தில் யன்னலால் பார்த்தால் நடைபாதைப் பெண்கள் மூன்று நாலு பேராய்ச் சேர்ந்து இருட்டில் ரயில் பாதைப் பக்கம் போவார்கள். வெளிச்சம் வந்தபிறகு போகமுடியாது. இரவு திரும்ப இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். மழை பெய்தாலும் இதுதான். என் தங்கச்சிமாரை நினைத்துக்கொள்வேன். முகாமில் இருந்த எங்கள் பெண்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு நாள் காலை அக்கா ஓடி வந்தா. தலையில் ஒரு றங்குப் பெட்டி. நகரசபை வண்டி அடுத்த தெருவில் நிற்கிறது, கொட்டிலைப் பிய்த்தெறிய வருகிறார்கள் என்றா. "கொட்டாய் போனாப் போவுது தம்பி, நாளைக்குக் கட்டிக்கலாம். பாத்திரத்தை ஏத்திட்டுப் போயிருவாங்க. இந்தப் பொட்டிய மட்டும் மேல வச்சுக்க." வாங்கி மேலே கொண்டுபோனேன். வண்டி வந்தது, பிய்த்தார்கள், போனார்கள். பின்னேரம் அதே இடத்தில் அதே பலகைகளை வைத்துக் கொட்டில் திரும்ப எழும்பிவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது திறந்து காட்டினா. இரண்டு பித்தளைக் குடம், சமையல் சாமான், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம், பிளாஸ்ரிக் பையில் சுற்றிய கடதாசிகள். அந்தக் கடதாசிகளைத்தான் குடத்தை விடக் கவனமாகப் பார்த்தா.

கடதாசி என்னவென்று கேட்டேன். "எங்களை எண்ணுனாங்க தம்பி. கணக்குல இருக்கோம்" என்றா.

அதன் அர்த்தம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. 1985 ஆடியில் இந்திய உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒல்கா ரெலிஸ் வழக்கு என்பார்கள். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதற்காக இன்றைக்கும் உலகம் முழுவதும் சட்டம் படிக்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, மழைக்காலம் முடிந்து ஒக்ரோபர் 31க்குப் பிறகு அகற்றலாம் என்றும் சொன்னது. வழக்குப் புத்தகத்துக்கு வெற்றி, கொட்டிலுக்குத் தோல்வி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் ஸ்பார்க் என்ற ஒரு சிறு நிறுவனம் நடைபாதைவாசிகளையே சேர்த்துக்கொண்டு கணக்கெடுப்பு ஒன்று செய்தது. சுமார் ஆறாயிரம் குடும்பங்கள். அந்த அறிக்கைக்கு, கண்ணுக்குத் தெரியாத நாங்கள் என்ற கருத்தில் பெயர் வைத்தார்கள். நேற்று வந்த நாடோடிகள் என்று நகரம் நினைத்துக்கொண்டிருந்த சனம், பத்து இருபது வருடமாக அதே இடத்தில் இருந்து அதே நகரத்துக்குச் சுமை தூக்கியும் வீடு கூட்டியும் வேலை செய்கிற சனம் என்று அதில் தெரிந்தது. அவர்களுக்குப் பங்கீட்டு அட்டை கிடையாது. எங்கள் பாசையில் சொன்னால் கூப்பன் கிடையாது. ஏன் என்றால் விலாசம் இல்லை. விலாசம் இல்லாததால் அரிசியும் மண்ணெண்ணெயும் வெளிக்கடை விலையில். பதிவில் பெயர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நிவாரண வரிசையில் நின்ற எங்களுக்குத் தெரியும்.

இந்த இயக்கத்தில் முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர் தமிழர் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1963இல் பம்பாய்க்கு வந்து, வெட்டவெளியில் படுத்தெழும்பித் தச்சுவேலை செய்தவர். மான்கூர்ட் பக்கம் ஜனதா கொலனி என்ற குடியிருப்பில் இருந்தார். அங்கே நகரசபை குப்பை அள்ளுவதில்லை. இவர் பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து, ஊர்வலமாகக் கூட்டிப்போய் நகரசபை வாசலில் கொட்டவைத்தார். அதற்குப் பிறகு குப்பை வண்டி வந்தது. ஆனால் அந்தக் கொலனிக்குப் பக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையம். அதற்காக 1976இல், அவசரநிலைக் காலத்தில், சுமார் 70,000 பேரை அங்கிருந்து கிளப்பி, ஒரு சேற்று நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சீற்றா முகாம் என்று பெயர். நீதிமன்றம் போனார், டில்லிக்குப் போனார், பலதடவை மறியலுக்கும் போனார். கொலனியைக் காப்பாற்ற முடியவில்லை. பிற்காலத்தில் மக்சேசே விருதும், 2011இல் பத்மசிறீ பட்டமும் கிடைத்தன. 2018 ஒக்ரோபரில் காலமானார். தான் முன்பு கூட்டம், ஊர்வலம் என்று ஓடிக்கொண்டிருந்ததாகவும், நடைபாதைப் பெண்களோடு சேர்ந்தபிறகுதான் வேலை செய்கிற விதமே மாறியது என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்களின் அமைப்புக்கு மகிளா மிலன் என்று பெயர். நான் பைகுல்லாவில் யன்னலுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தபோது, நடந்து போகிற தூரத்தில், நகரசபை மருந்தகம் ஒன்றின் வளவில் இருந்த பழைய வாகனக் கொட்டிலில் அவர்கள் கூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பெண் கொட்டில் கொட்டிலாய்ப் போய்ச் சேமிப்புக் காசு வாங்குவா. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வெவ்வேறு நிறத்தில் கடதாசித் துண்டுகள். இந்த நிறம் இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. அதை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு வைப்பார்கள். எங்கள் அம்மாமார் சீட்டுப் பிடித்த கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். காசு சேர்ந்ததை விட, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கொட்டிலிலும் கால் வைத்தபடியால் யாருக்குக் காய்ச்சல், யாரைப் புருசன் அடிக்கிறான், எந்தத் தெருவுக்கு நகரசபை வண்டி வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வண்டி வருகிறது என்று அக்காவுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பிறகு வீடு பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். நிலமே இல்லாத ஆட்கள் வீட்டுப் படம் கீறினார்கள். சேலையைத் தரையில் விரித்து, இவ்வளவு நீளம் அறை, இவ்வளவு அகலம் குசினி என்று அளந்தார்கள். 1987இல் பைகுல்லாவில் உண்மை அளவிலேயே மாதிரி வீடுகளை மரத்திலும் துணியிலும் கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். 14 அடி உயரம், உள்ளே ஒரு பரண். நிலம் சிறிதென்றால் மேலே போகலாம், பிள்ளைகள் மேலே படுக்கலாம் என்று அந்தப் பெண்கள் கண்டது. மலசலகூடத்தைச் சின்ன வீட்டுக்குள், குசினிக்குப் பக்கத்தில் வைக்க அவர்கள் விரும்பவில்லை. வெளியே வைத்து நாலைந்து குடும்பம் பொறுப்பாகப் பாவிக்கிறோம் என்றார்கள். படித்த கட்டிடக் கலைஞருக்கு இது வராது. அவர் வீட்டுக்குள் வைப்பதுதான் முன்னேற்றம் என்று நினைப்பார். தண்ணீர் ஒழுங்காய் வராத இடத்தில், ஒற்றை அறை வீட்டுக்குள் இருக்கிற மலசலகூடம் எப்படி மணக்கும் என்று, கழுவுகிற ஆளுக்குத்தான் தெரியும்.

நடைபாதைக் குடும்பங்களுக்கு மாற்றுவீடு பெற உரிமை உண்டு என்று மகாராட்டிர அரசு ஏற்றுக்கொண்டது 1995இல். கணக்கெடுத்துப் பத்து வருடம் கழித்து. பைகுல்லாப் பெண்களில் முதல் தொகுதியினர் மான்கூர்ட்டில் தங்கள் சொந்தக் கட்டிடத்துக்குப் போனது அதற்கும் பத்து வருடம் அளவுக்குப் பிறகு. சேலையால் அளந்த தாய்மாரில் சிலர் போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் போனார்கள். இதற்கிடையில் 2000க்கும் 2002க்கும் இடையில் ரயில் பாதை ஓரத்தில் இருந்த சுமார் 60,000 பேர் இந்த அமைப்புகள் மூலம், பொலிஸ் தடியடி இல்லாமல், தாங்களே பட்டியல் எழுதி, தாங்களே வரிசைப்படுத்தி இடம் மாறினார்கள்.

நான் பார்த்துப் பொறாமைப்பட்டது மலசலகூடங்களைத்தான். சிரிக்காதீர்கள். 1999இலிருந்து பூனா நகரசபை, சேரிகளில் பொது மலசலகூடங்களைக் கட்டுகிற வேலையை இப்படிப்பட்ட அமைப்புகளிடம் பெரிய அளவில் கொடுத்தது. அதற்கு முந்தின முப்பது வருடத்தில் கட்டியதை விடக் கூடுதலாக இரண்டு மூன்று வருடத்தில் கட்டினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு வாசல். ஒரே வரிசை என்றால் ஆண்கள் முந்திப் போய்விடுவார்கள், அதனால். கதவு இரண்டு பக்கமும் திறக்கும். வாளியோடு வருகிறவள் கதவை முழங்கையால் தள்ளலாம். பிள்ளைகளுக்குத் தனி இடம். சின்னக் குழி, பிடிக்க ஒரு கைபிடி, வெளிச்சம். பெரியவர்களின் இருண்ட குழிக்குள் விழுந்துவிடுவோம் என்று பயந்துதான் பிள்ளைகள் வெளியே தெருக்கரையில் குந்தினவை. அதை ஒரு தாய் சொல்லாமல் எந்தப் பொறியியலாளர் கண்டுபிடிப்பார்? மேல்மாடியில் பராமரிப்பாளர் குடும்பத்துக்கு ஒரு அறை. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் அளவில் அட்டை. 2001 ஆனியில் நியூயோர்க்கில் ஐ.நா. சபைக் கட்டிடத்தின் முன்கூடத்திலேயே மாதிரி வீட்டையும் பிள்ளைகள் மலசலகூடத்தையும் கட்டி வைத்தார்கள். கோபி அனான் வந்து பார்த்தார்.

2012இல் மருமகளின் கலியாணத்துக்கு மும்பாய் போனபோது இரண்டு நாள் இதற்கென்று ஒதுக்கினேன். பைகுல்லாவில் என் கட்டிடம் நிற்கிறது. அந்த நடைபாதையில் வேறு ஆட்கள். அக்காவைப் பற்றி விசாரித்தேன். பெயரை அந்தக் காலத்திலேயே நான் கேட்கவில்லை. பெயர் தெரியாமல் எப்படி விசாரிக்கிறது? மான்கூர்ட்டுக்கும் போனேன். சொந்தக் கட்டிடத்துப் பெண்கள் தேநீர் தந்து, கணக்குப் புத்தகம் காட்டினார்கள். ஆனால் எல்லாம் அப்படி இல்லை. அரசாங்கத் திட்டங்களுக்காக ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிய மாடிக் கட்டிடங்கள் அதே பகுதியில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 225 சதுர அடி வீடு. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் இடையில் வெயில் விழ இடமில்லை. அப்படிப்பட்ட சில குடியிருப்புகளில், வெயிலும் காற்றும் குறைந்த வீடுகளில் காசநோய் கூட என்று பின்னர் 2018இல் ஆய்வு சொன்னது. வீடு கிடைத்த பெண் வேலைக்கு இரண்டு மணித்தியாலம் ரயிலில் போய் வருகிறாள். லிப்ற் பழுதானால் திருத்தக் காசில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மும்பாயில் சேரிகளில் இருந்தவர்கள் சுமார் 52 லட்சம். நகரத்தில் பத்தில் நாலு பேர். எல்லாம் வென்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முதல் இன்னொரு அமைப்பின் மூலம் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து வீடுகள் கட்டிக் கொடுத்தோம். பெயர் வேண்டாம். நானும் அதில் பொருளாளராக இருந்தவன், ஆகவே பிழையில் எனக்கும் பங்கு. திறப்புவிழா, பெயர்ப்பலகை, நாடா வெட்டு எல்லாம் நடந்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். குசினிக்கு ஒட்டிக் கட்டிய மலசலகூடத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். கிணறு அரைக் கட்டை தூரத்தில். ஊற்றுகிற தண்ணீரை யார் சுமக்கிறது? மீன் காயப்போட முற்றம் விடவில்லை. காணி உறுதியில் கணவன்மாரின் பெயர். அதில் ஏழு பேர் உயிரோடு இல்லை அல்லது இருக்கிற இடம் தெரியாது. அந்தப் பெண்கள் காகிதத்தைத் திருத்த இன்னும் கந்தோர் கந்தோராய் அலைகிறார்கள். ஒரு அம்மா என்னிடம் குறை சொல்லவில்லை. "நீங்கள் தந்ததே பெரிய விசயம்" என்றுதான் சொன்னா. பின்வரிசையில் இருந்து சிரித்த என் நண்பர் சொன்னது சரி. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

றங்குப் பெட்டிக் கதையில் ஒரு பகுதியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். வண்டி இரண்டாந்தரமும் வந்தது. ஐப்பசி மாதம். அக்கா பெட்டியோடு படியேறி வந்து கதவைத் தட்டினா. அன்றைக்கு எங்கள் கடவுச்சீட்டுகள் அறைக்கு வந்திருந்தன. பொலிஸ் பின்னால் வரும், எல்லோரும் மாட்டுவோம் என்று உள்ளே ஒருவர் என் கையைப் பிடித்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். "தம்பி, தம்பி" என்று இரண்டு தரம் கூப்பிட்டா. பிறகு படி இறங்குகிற சத்தம். யன்னலால் பார்க்க, வண்டியில் மற்றச் சாமான்களுக்கு மேலே அந்தப் பெட்டி இருந்தது. கடதாசிகளும் அதற்குள்தான் இருந்திருக்கும். மூன்றாம் நாள் நான் விமானம் ஏறினேன். இங்கே வந்து இறங்கியதும் எனக்கு ஒரு கடதாசி தந்தார்கள், பெயரும் இலக்கமும் போட்டு. அதைக் கையில் வாங்கும்போது எனக்கு அக்காவின் நினைவுதான் வந்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அந்த இருபது குடும்பத்திலும் இருந்து மூன்று பெண்களைத் தொலைபேசியில் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, சபை முழுக்கக் கேட்கக் கதைக்க விடவேண்டும் என்று தலைவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், காணி யார் பெயரில், வீட்டில் எதை எங்கே வைக்க விருப்பம், தாங்களும் மாதம் எவ்வளவு போடுவார்கள். படம் கீறிய தம்பியோடும் கதைத்தேன். அவர் கோபிக்கவில்லை. படத்தை அழித்து எழுதத் தனக்கு ஒரு கிழமை போதும் என்றார். காசு ஏற்கனவே சேர்ந்துவிட்டது, பணி பிந்தும் என்று செயற்குழுவில் மூன்று பேர் எதிர்க்கிறார்கள். மழைக்கு முதல் கூரை வேண்டும் என்று அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு விடுவோம் என்கிறார் தலைவர். அங்கத்தவராய் இருக்கிற நேயர்கள் அன்றைக்கு வாருங்கள். நேரம் பின்னேரம் நாலு மணி. ஊரில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும், ஆனாலும் அந்தப் பெண்கள் முழித்திருந்து கதைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.